செப்புக் கம்பி முறுக்கிய கொலுசு

அன்று மருதமுனைக் கடற்கரையில் நானும் கட்டாரிலிருந்து வந்திருந்த மச்சானும் இருந்தோம். என் சாச்சி, உம்மாவின் தங்கை, எங்களோடு வரவில்லை. சுனாமிக்குப் பிறகு அவர் கடற்கரைக்கே வருவதில்லை. அலை கொண்டுபோன மகள் றிஸ்னாவின் மையித்து, அவள் உடல், கிடைக்காததால், அவளை யாரோ எடுத்து வளர்ப்பதாகவே நம்பினார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவளுக்கென்று போன வருடத்தைவிட ஓர் அளவு பெரிய சட்டை வாங்கிவைப்பார்.

போர் முடிந்த வருடம் அது; சுனாமிக்குப் பிறகு ஐந்தாவது வருடம். மச்சான் கொண்டுவந்த மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு, பொழுதுபோக்காக மணலில் தங்கம், வெள்ளி தேடினோம்.

"கெம்பஸ்காரனுக்குச் சோடா மூடிதான்டா கிடைக்கும்," என்று பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மச்சான் சிரித்தார்.

அப்போது மெஷின் கத்தியது. தோண்டினால், கறுத்துப்போன ஒரு குழந்தைக் கொலுசு. றிஸ்னாவுடையது போலிருந்தது. சாச்சி சந்தோஷப்படுவார் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொக்கி உடைஞ்சிட்டெண்டு நான்தான் செப்புக் கம்பியால இறுக்கி முறுக்கிவிட்டன். முறுக்கு இன்னும் அவிழல்லயே, மகன். எங்கட குடும்பத்தில நீதானே படிச்சவன், செல்லு. அவிழாம எப்பிடி என்ட புள்ளட கால விட்டுக் கழண்டிச்சி?"



அந்தப் பெருநாளுக்குச் சாச்சி சட்டை வாங்கவில்லை. கடல் கொண்டுபோனது ஐந்து வயதுப் பிள்ளையை. பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனது நான்.