ஒரு இடம் சும்மா போகுது

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறந்த திங்கட்கிழமை, பதினொரு மணி வாக்கில், திலகவதி அக்காவின் தம்பி ரமணன் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் அவரோடு நான் இரண்டு முறை பேசியிருந்தால் அதிகம்.

"சார், அக்கா கிளம்பிட்டாங்களா?"

"எங்கேர்ந்து?"

"உங்க வீட்டுலேர்ந்துதான். இன்னும் வரலைன்னு காலேஜ்லேர்ந்து எனக்குப் போன் பண்றாங்க. அக்கா போனும் ஆஃப்ல இருக்கு."

எங்கள் வீட்டில் அக்கா இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தே ஒன்றரை வருடம் இருக்கும். பொங்கலுக்குத் தம்பியோடு திருப்பனந்தாள் போவதாக என்னிடம் சொல்லியிருந்தார். தம்பியிடமோ, பொங்கல் மூர்த்தி வீட்டில், அதாவது என் வீட்டில், என்று சொல்லியிருக்கிறார். இதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்தோம். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

அக்கா இருந்தது தஞ்சாவூரில் என் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடி வீட்டில். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு உடைத்துத் திறந்தோம். அடுக்களையில் கிடந்தார். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. அடுப்பின் மேல் குக்கர் இருந்தது, அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது, பக்கத்தில் களைந்து வைத்த அரிசி. பொங்கலன்று காலையிலேயே மாரடைப்பு வந்திருக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வியாழக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவே எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரை ஜெர்மனியிலிருந்தே தெரியும். அந்தச் சின்ன ஊரின் மாணவர் விடுதியில், மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். என் கதவைத் தட்டியது நான் போய்ச் சேர்ந்த ஆறாவது வாரம். பாபநாசத்தை விட்டால் தஞ்சாவூர், தஞ்சாவூரை விட்டால் சென்னை என்று இருந்த எனக்கு, நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த நவம்பர் பேயறைந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி கிடையாது. தாழ்வாரத்தில் மனித வாடை கிடையாது. வெள்ளி மாலை திரையை இழுத்து மூடிப் படுத்தால் திங்கள் காலைதான் எழுவேன். தூங்கினேன் என்று வீட்டில் சொன்னது பாதிப் பொய். அழுதேன்.

கதவைத் திறந்தபோது கம்பளித் தொப்பியும் மூக்குத்தியுமாக ஒரு பெண் நின்றார். மண் ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

"மூர்த்தியா? பாபநாசம்னாங்க. நான் திருப்பனந்தாள். நாளைக்கு ஊர் சுத்தப் போறோம். டிக்கெட்டு அஞ்சு பேருக்கு, ஆள் நாலுதான். ஒரு இடம் சும்மா போகுது. வந்தா எனக்கு உபகாரமா இருக்கும்ப்பா."

ஐந்து பேர் சேர்ந்து சனி, ஞாயிறில் மெதுவான ரயில்களில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அங்கே ஒரு சீட்டு உண்டு. சரி, கேட்கிறாரே என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். மறுநாள் ரயிலில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து புளிச்சோறு கொடுத்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பாட்டி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

பல மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று தஞ்சாவூர் ஸ்டெல்லாவிடமும் "ஒரு இடம் சும்மா போகுது" என்றுதான் சொல்லியிருக்கிறார். திருச்சி பாஸ்கரிடமும் அதேதான். சீட்டை அவர் முன்கூட்டி வாங்கியதே இல்லை. எத்தனை பேர் தேறுகிறோம் என்று பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ஸ்டேஷன் மெஷினில்தான் எடுப்பார். ஆறு பேர் ஆகிவிட்டால் இரண்டாவது சீட்டு எடுக்க வேண்டும், உடனே நான்கு இடம் சும்மா போகும், அதைச் சாக்கிட்டு இன்னும் நான்கு கதவைத் தட்டலாம். அந்தக் கணக்கில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

எத்தனை ஊர்! கோட்டைகள், உப்புச் சுரங்கம், மழையில் நனைந்தபடி வடக்குக் கடலில் ஒரு தீவு. நாம் படம் எடுத்துத் தள்ளினோம். அக்கா பெரும்பாலும் வாசலில் ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தலைகளை எண்ணுவார். ஊர்ப் பெருமை பேசுவதும் அவருக்கு ஆகாது. ஒரு பெரிய ஆற்றங்கரையில் நின்று நான், "காவேரி மாதிரியே இருக்குல்லக்கா" என்று உருக ஆரம்பித்தபோது, "நம்ம ஆத்துல பாதி வருஷம் மணல்தான். சும்மா இரு" என்றார். அவரிடம் நான் எதற்கெடுத்தாலும் யோசனை கேட்டு நின்ற நாட்களில், "சொல்லிக்கொடுத்த சொல்லும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு?" என்று விரட்டியும் இருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் அவர்கள் போக்கில் விட்டதில்லை. இந்த வாரம் வரவில்லை, வேறு இடத்துக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "யாரோட?" என்று கேட்பார். பெயரைச் சொன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். பாஸ்கர் ஒரு முறை பக்கத்து நகரத்து நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். அக்கா அந்த நண்பனைக் கூப்பிட்டார், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நேரே வந்து கதவைத் தட்டினார். பாஸ்கர் உள்ளேதான் படுத்திருந்தான்.

"நீங்க என்ன வார்டனா?" என்று கத்தினான்.

"ஆமான்னு வச்சுக்கயேன். எழுந்து சட்டையப் போடு."

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் போன ரயில், பனியில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே மத்தியானம் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. பாஸ்கருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எதற்கு இப்படி எல்லோரையும் வேவு பார்க்கிறீர்கள் என்று நேராகவே கேட்டான். அக்கா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"நான் வந்த மொத வருஷம் பக்கத்து ரூம்ல ஒருத்தன் இருந்தான். தென்காசிப் பக்கம். ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு. நான் ஊர் சுத்திட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தேன். செவத்துக்கு அந்தப் பக்கம் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போனை வச்சுட்டு எங்கயோ போயிட்டான்னு நெனச்சேன். எரிச்சலா வந்துச்சு. காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் படிச்சேன். செவ்வாக்கிழமை கதவ ஒடச்சாங்க. காய்ச்சல்தான், மூளைக்கு ஏறிடுச்சாம். போன் பண்ணிக்கிட்டே இருந்தது அவங்கம்மா."

உரித்த தோலைக் காகிதத்தில் சுற்றிவிட்டு, "ஞாயித்துக்கிழமை உசுரோட இருந்தானான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். சொல்லத் தெரியலன்னுட்டாரு" என்றார். பிறகு சுளைகளைப் பிரித்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பாஸ்கர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போனோம். ஸ்டெல்லா அங்கேயே தங்கிவிட்டாள். அக்கா தஞ்சாவூருக்கு வந்து ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். சில வருடம் கழித்து நானும் தஞ்சாவூருக்கே வந்தேன். ஒரே தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கு நான்கு கிலோமீட்டர் ஒரு தூரமா என்று கேட்பீர்கள். தூரம்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள், டியூஷன், கிரிக்கெட் கோச்சிங் என்று எனக்கு வண்டி வண்டியாகக் காரணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் போன் தவறாமல் வரும். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது: திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க" என்று மனைவியிடம் கேலி செய்வேன். பாதி நாள் எடுக்க மாட்டேன். பிறகு பேசுகிறேன் என்று ஒரு செய்தி அனுப்புவேன், பேச மாட்டேன்.

போகிக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, வழக்கத்துக்கு மாறாகக் கூப்பிட்டபோது எடுத்தேன்.

"பொங்கலுக்கு எங்கப்பா?"

"பாபநாசம்தான்க்கா. அம்மா தனியா இருக்காங்கல்ல."

"எத்தன பேர் போறீங்க?"

"நாங்க நாலு பேருதான். கார்லயே போயிடறோம். நீங்க?"

"நானா... தம்பி திருப்பனந்தாள் வரச் சொல்லியிருக்கான்."

"ரொம்ப நல்லதுக்கா. ஹேப்பி பொங்கல்."

அவ்வளவுதான் பேசினோம். 'யாரோடு?' என்று நான் கேட்கவில்லை. ரமணனின் எண் என்னிடம் இருந்தது, சரிபார்க்கவில்லை. திருப்பனந்தாள் போகிறவர் பாபநாசத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதே சாலை. வாங்க, கும்பகோணம் வரைக்காவது கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு வாய்ச்சொல் சொல்லியிருந்தால் அவர் பொய் அங்கேயே உடைந்திருக்கும். அந்த ஊர் வீட்டை விற்று ஆறு வருடம் ஆகிறது என்பதே எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் ரமணன் சொல்லித்தான் தெரியும்.

பொங்கலன்று காலை எட்டு மணிக்கு நம் குழுவில் நான் ஒரு படம் போட்டேன். பானை, கரும்பு, சூரியன், கூடவே ஒரு வாழ்த்து. ஆளாளுக்குக் கைகூப்பினோம். அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை.

கதவை உடைத்த அன்று கீழ்வீட்டு அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "பொங்கலன்னிக்கு மேல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். போனை வச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போன் அடித்தது ரமணன். எடுக்கவில்லை என்றதும், என் வீட்டில் பொங்கல் வேலையாக இருக்கிறார் என்று விட்டுவிட்டார்.

உடலை வாங்கக் காத்திருந்தபோது ரமணன் இன்னொன்றும் சொன்னார். "மூர்த்தி புள்ளைங்களுக்கு முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னாங்க சார்." அந்த முறுக்கு பொய்யில்லை. அடுக்களை அலமாரியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று நிறைய இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்று அவர் கேட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் கார் ஐந்து பேர் போகிற கார். நாலு பேர் என்று நான் சொன்ன பிறகு, 'நானா' என்று இழுத்து அவர் கொஞ்சம் இடம் விட்டார். எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் சொல்வேனா என்று காத்திருந்திருக்கிறார். நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு பாபநாசம் போனோம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இரண்டுதான். ரமணனிடம் கேட்டு வாங்கிய அந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. முறுக்கைத் தின்னவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை, அப்படியே இருக்கிறது. இன்னொன்று வெள்ளிக்கிழமை. இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். எங்கே, யாரோடு என்று சொல்லுங்கள். சொன்ன ஆளையும் கூப்பிட்டுக் கேட்பேன். வார்டனா என்று திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

பாஸ்கர், எல்லார் முன்னாலும் எழுதுகிறானே என்று நீ கோபப்படுவாய். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் இருப்பதாகச் சொன்னாய். உன் மச்சானோடு பேசினேன். நீ வந்து எட்டு மாதம் ஆகிறது என்றார். நாளை மறுநாள் காலை திருச்சிக்கு வருகிறேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே வந்து நில். நாங்கள் நாலு பேர்தான் வருகிறோம், காரில் ஒரு இடம் சும்மா போகிறது.