பட்டன் தேயாத டயர்

என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்த்த வருடங்களில் எங்களிடம் ஒரு கார் இருந்தது. இருந்தது என்றால், நின்றது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி நெல் மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகை. அங்கே உர மூட்டைக்கும் டீசல் இன்ஜினுக்கும் நடுவில், காய்ச்சல்காரன் மாதிரி போர்த்திக்கொண்டு அது நின்றது. நானும் இரண்டு பிள்ளைகளும் அதைத் தாண்டிப் போய்த்தான் டவுன் பஸ் பிடிப்போம்.

வெளிநாடு போனவர்கள் எல்லாம் ஊரில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இவருக்குக் கார் பித்து. ரோட்டில் புதுசு புதுசாகக் கார்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு லீவில் சென்னைக்குப் போய், யாரோ ஒரு கம்பெனி அதிகாரி வைத்திருந்த வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். வேகத்துக்குப் பேர்போன வண்டி. அலாய் சக்கரம், அதைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குச் சப்பையான, அகலமான டயர். பிடிப்புக்கென்றே மெத்தென்று செய்த வெளிநாட்டு டயராம், தார் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடுமாம். நாற்பது நாள் ஓட்டினார். பிறகு, வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ண ஆள் வேண்டுமே என்று என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு விமானம் ஏறினார். ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்ன அதே மனுஷர்தான் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்குப் போன் வரும். பிள்ளைகள் படிப்பு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்று எப்படி, எல்லாம் முடிந்து கடைசியில் வண்டி.

"வெளிய எடுத்தியா?"

"இல்லீங்க."

"எடுக்காத. டயரு தேஞ்சிடும். அது நம்ம ஊர்ல லேசுல கிடைக்காது."

நான் எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒரு வாரம் ஒரு அடி முன்னே நகர்த்துவேன், மறுவாரம் ஒரு அடி பின்னே. சித்திரை வெயில் தகரத்தில் இறங்கும்போது நாலு டயர் மீதும் ஈரச் சாக்கு போடுவேன். ஆயுத பூஜை வந்தால் நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு நாலையும் கறுகறுவென்று தேய்த்துவிடுவேன். என் தலைக்குக்கூட அந்த வருடங்களில் அவ்வளவு எண்ணெய் போனதில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் வருவார். "வாடகைக் கார்ல வராத, நம்ம வண்டிய எடுத்துக்கிட்டு வா" என்பார். நான் உருட்டி உருட்டித் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவேன். பெட்டியை வைப்பதற்கு முன்னால் சாவிக்குக் கை நீளும். பிறகு தஞ்சாவூர் வரைக்கும் பறப்புதான். குவைத் ரோட்டில் பழகின கால், இங்கே மாடு வரும், சைக்கிள் வரும் என்று அதற்குத் தெரியாது. பின்சீட்டில் பிள்ளைகள் "இன்னும், இன்னும்" என்று கத்துவார்கள். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெதுவாகப் போகச் சொன்னால் கோபம் வரும் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடம் கழித்து வந்த மனுஷரிடம் முதல் ஒரு மணி நேரத்திலேயே சண்டை போட யாருக்கு மனசு வரும்?

வண்டி வாங்கிய பிறகு மூன்றாவது லீவுக்கு அவர் வர மூன்று வாரம் இருக்கும்போது, முன்பக்க டயர் ஒன்றில் காற்று இறங்கியிருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடற்கரை ஊர்க்காரர். சார்ஜாவில் பத்து வருடம் டயர் கடையிலேயே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு விரலை முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, பிசுபிசுன்னு?"

"நல்லெண்ணெய் பாய்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத இட்லிக்கு ஊத்துங்க. ரப்பருக்கு ஆகாது. இந்த டயரு போட்டு எவ்ளோ நாளாச்சு?"

"புதுசு மாதிரிதான் பாய். பட்டன் பாருங்க, தேயவே இல்ல."

டயரின் மேல் எழும்பி நிற்கிற கட்டைகளைத்தான் எங்கள் பக்கம் பட்டன் என்போம். டிராக்டரோ, மாட்டு வண்டிக்குப் போடுகிற டயரோ, பட்டன் இருந்தால் டயர் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் பார்த்ததில்லை. பாய் என்னைக் குனியச் சொல்லி, டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருடம். செய்த தேதி. நான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டாம் வகுப்பில் படிக்கிற என் மகனைவிட அந்த டயர் மூத்தது. நாங்கள் வாங்கும்போதே அதற்கு இரண்டு வயது.

அவர் கட்டை விரலால் பட்டன்களுக்கு நடுவே அழுத்தினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு வாயைத் திறந்தது. பக்கவாட்டிலும் அப்படியே.

"ஓடினா தேயும், ஓடாட்டி வறண்டு போவும் தங்கச்சி. ரப்பருக்கு வயசு உண்டு. அஞ்சாறு வருஷம் ஆயிட்டாலே சந்தேகத்தோடதான் பாக்கணும். காத்து அடிச்சுத் தர்றேன், வீட்டுக்குப் போங்க. ஆனா இதுல ஹைவேஸ்ல வேகமாப் போகாதீங்க. மழையில பிரேக் அடிச்சா நிக்காது. சூட்டுல வெடிச்சாலும் வெடிக்கும்."

கடைக்காரர் விற்கத்தானே பார்ப்பார் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் விதைநெல் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடம் மூட்டையில் கிடந்த விதையைக் கையில் அள்ளினால் மணி மணியாகத்தான் இருக்கும். நாற்றங்காலில் விட்டால் பாதி முளைக்காது. ஒருமுறை அப்படி நாற்றங்காலே சொட்டை விழுந்து ஊர் சிரிக்க நின்றவள் நான். அதனால் அவர் சொன்னது சட்டென்று விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன்.

"பட்டன் இருக்கா, இல்லியா?" என்றார்.

"இருக்குங்க. ஆனா..."

"அப்புறம் என்ன? உன்னப் பாத்தா ஏமாத்தலாம்னு தெரிஞ்சிருக்கு அந்தாளுக்கு. ஒண்ணும் மாத்தாத. நான் வந்து பாத்துக்கறேன்."

அவர் வந்து பார்ப்பதுதான் பிரச்சினையே. விமான நிலையத்தில் இறங்கிச் சாவியை வாங்கினால் அடுத்து வீட்டில்தான் நிறுத்துவார். ஐப்பசி மழை வேறு ஆரம்பித்திருந்தது. ஈர ரோடு, எட்டு வயது டயர், இவர் கால், பின்னால் என் இரண்டு பிள்ளைகள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடகைக் காரில் போய் நின்றால் எல்லோர் முன்னாலும் கத்துவார், மறுநாளே அந்த டயரில் எங்கேயாவது கிளம்புவார். கடைசியில், கத்தினால் கத்தட்டும் என்று குறுவை நெல் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

அவர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று இப்போது இருக்கிற மாதிரியே மெத்து ரப்பர். பிடிப்பு அதிகம், தினம் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொன்று கெட்டி ரப்பர். டாக்ஸிக்காரர்கள் விரும்பி வாங்குவது, வருடக் கணக்கில் உழைக்கும், ஆனால் ஈரத்தில் நிற்கக் கொஞ்சம் தூரம் கேட்கும். நடுவில் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக. எதை வாங்கினாலும் அளவும், எடை தாங்குகிற எண்ணும், வேகத்துக்கான எழுத்தும் பழைய டயரில் இருப்பதற்குக் குறையக் கூடாது என்றார்.

"எது சீக்கிரம் நிக்கும் பாய்?"

அவர் சிரித்தார். "எல்லாரும் எவ்ளோ நாள் வரும்னுதான் கேப்பாங்க."

"ஓடாத வண்டிக்கு நாள் எதுக்கு? தேயறதுக்கு முன்னாடி வயசாயிடும்னு நீங்கதான சொன்னீங்க."

"கரெக்ட்டுங்க. அப்ப மெத்துதான் உங்களுக்கு" என்றார்.

நாலையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றிலும் அந்த நாலு எண்ணைப் பார்த்தேன். மூன்று, சில மாதத்துக்கு முன் செய்தவை. நாலாவது இரண்டு வருடச் சரக்கு. "இத எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒரே வயசுல நாலும் வேணும்" என்றேன். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. கற்றுக்கொடுத்ததே அவர்தான், என்ன சொல்ல முடியும்? மறுநாள் திருச்சியிலிருந்து வேறு ஒன்று வரவழைத்துப் போட்டார்.

நான் கிளம்பும்போது பாய் ஒன்று சொன்னார். புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்குமாம். நூறு, இருநூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டிய பிறகுதான் பிடிப்பு வருமாம். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அந்தக் காரை ஓட்ட ஒரு காரணம் கிடைத்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவையாறு போய்த் திரும்புவேன். காவிரிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவோம். இன்னொரு நாள் கும்பகோணம். இவ்வளவு சுகமான வண்டியையா இத்தனை வருடம் சாக்கு போட்டு வைத்திருந்தேன் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அவர் வந்த அன்று மத்தியானம் நல்ல மழை. பெட்டிகளை ஏற்றினார், பிள்ளைகளை அணைத்துக்கொண்டார், சாவிக்குக் கை நீட்டினார். டயரைப் பார்க்கவில்லை. வயல் சேறு ஒட்டியிருந்ததால் பார்த்தாலும் தெரிந்திருக்காது. துவாக்குடி தாண்டியதும் கால் அழுந்தியது. "கொஞ்சம் மெதுவாப் போங்க, மழை" என்றேன். "நீ சும்மா வா" என்றார்.

செங்கிப்பட்டி தாண்டியிருப்போம். இடது பக்க வண்டிப்பாதையிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று, இந்தப் பக்கம் பார்க்காமலேயே ரோட்டில் ஏறி, ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. அவர் பிரேக்கில் ஏறி மிதித்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு எதிரே தார்ப்பாயும் மூட்டையும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிள்ளைகள் இரண்டு பேரும் முன்சீட்டின் முதுகில் வந்து மோதினார்கள். வண்டி அலையவில்லை, வழுக்கவில்லை. டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு அடி இல்லை. பயத்தில் அழுதார்கள், அவ்வளவுதான். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா? நான் சொன்னேன்ல? டயருன்னா இது டயரு. இதப் போய் மாத்தச் சொன்னான் பாரு அந்தாளு" என்றார்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று. வாய் நிற்கவில்லை.

"இது அந்த டயரு இல்லீங்க. அத மாத்திட்டேன். பத்து நாளாச்சு."

வண்டியை ஓரம் கட்டினார். கதவைத் திறந்து மழையில் இறங்கினார். இப்போது கத்தப்போகிறார் என்று நான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து முன்டயரின் சேற்றை விரலால் வழித்துப் பார்த்தார். பின்னால் போனார். அந்தப் பக்கமும் போனார். நாலையும் பார்த்துவிட்டு, டிக்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குவைத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த புதுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கத்தினாலும் பரவாயில்லை, எல்லோரும் முழுசாக இருக்கிறோம் என்கிற ஆசுவாசம் அப்போதுதான் உடம்பில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. முதலில் பின்கதவைத் திறந்தார். சீட்டுக்கு அடியில் மாட்டிக் கிடந்த பெல்ட்டுகளை இழுத்து எடுத்து, பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று போட்டுவிட்டார். பையனுடைய பெல்ட் மூன்றாவது தடவைதான் மாட்டியது. அப்புறம் வந்து உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைக்காமலே வண்டியை எடுத்தார்.

ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. ஒரு லாரி போனது. வல்லம் வரும்போது, பின்னால் வைக்கோல் கட்டு வைத்துக்கொண்டு ஒரு மொபெட் எங்களை முந்தியது. அவர் ஓரமாக இடம் விட்டு அதே வேகத்தில் ஓட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தஞ்சாவூர் வந்ததும் பிள்ளைகள் என்னை எழுப்பினார்களாம். "தூங்கட்டும் விடுங்க" என்று அவர்தான் சொன்னாராம். அவர் ஓட்டும்போது நான் கண்ணயர்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.