பிக்கப் வண்டியின் இரண்டு புண்கள்

நோயாளிகளின் வீடுகளுக்குக் கட்டில் வாடகைக்கு விடுபவளை எல்லோரும் ‘கட்டிலக்கா’ என்றே கூப்பிடுவார்கள். அவளுடைய பிக்கப் வண்டிக்கு முழுப் பெயிண்ட் அடிக்க அறுபதாயிரம் கேட்டார் பெயிண்டர். அதற்கு இரண்டு கட்டிலை விற்றாக வேண்டும்.

“வண்டி முழுக்கத் துரு, அக்கா. மேல பட்டி மாவு பூசி மறைச்சிருக்காங்க.”

“தொட்டே பாக்காம சொல்றியே தம்பி, பெரிய டாக்டர்தான்!”

சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை வண்டியைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தாள். நல்ல இரும்பில் அது ஒட்டிக்கொண்டது. இடது கதவின் அடியிலும் பின்பலகையிலும் மட்டும் பட்டியில் வழுக்கி விழுந்தது.

“படுக்கைப்புண் ரெண்டே இடம். அதுக்கு உடம்பு முழுக்கக் கட்டுப் போடுவாங்களா?”

“ஒட்டுப்போட்ட மாதிரி தெரியுமேக்கா.”

“தெரியட்டும். வண்டி அழகிப் போட்டிக்கா போகுது? கட்டில் ஏத்தத்தானே போகுது!”

அந்த இரண்டு இடத்தை மட்டும் சரிசெய்ய, பன்னிரண்டாயிரத்துக்குப் பெயிண்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கட்டில்கள் தப்பின.