சிரித்த போட்டோவும் மாமியார் சாட்சியும்

பாலியல் வழக்குகளில் அரசுத் தரப்பில் ஆஜராவது, கோபத்தையும் சிரிப்பையும் ஒரே நேரத்தில் அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காரும் வேலை. வாய்தா வாய்தாவாக அலைந்து கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இது புரியும். நான் ராயபுரத்துக்காரி. மகிளா கோர்ட்டில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பார்த்ததில் ஒரே ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்ணாவூரில் வீடு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் துப்புரவு வேலை. அங்கிருந்த சூப்பர்வைசர் ஒரு மதியம் ஸ்டோர் ரூமில் அவளிடம் அத்துமீறினான். செல்வி போலீசுக்குப் போனாள். அவன் ஒரு சீனியர் வக்கீலைப் பிடித்தான். தலை நரைத்த மனிதர். வராந்தாவில் பார்த்தால் வெகு மரியாதையாக வணக்கம் சொல்வார். உள்ளே வந்தால் வேறு ஆள்.

பல் தெரிந்த போட்டோ

செல்வியைக் குறுக்கு விசாரணை செய்த அன்று, கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த மாதிரி வழக்கில் வெளி ஆட்கள் இருக்கக் கூடாது. சீனியர் தன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். யார்டில் நடந்த ஆயுத பூஜை. பட்டுச்சேலை, பூ, லிப்ஸ்டிக் சகிதம் செல்வி நிற்கிறாள்; பக்கத்திலேயே சூப்பர்வைசர். அவனுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே பழக்கம், நடந்ததெல்லாம் அவள் இஷ்டப்பட்டுத்தான் என்பது சீனியரின் வாதம். இஷ்டமில்லாதவள் இப்படிப் பல் தெரியச் சிரிப்பாளா என்று கேட்டார்.

நான் ஆட்சேபிக்க எழுந்தேன். அதற்குள் செல்வி போட்டோவை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். பிறகு அதில் ஓரமாக நின்ற ஒருவர் மேல் விரலை வைத்தாள்.

“போட்டோ எடுக்கறவரு சிரிக்க சொன்னாரு, சிரிச்சேன். இதோ, வாட்ச்மேனும்தான் சூப்பர்வைசரைப் பார்த்து சிரிச்சிகினு கீறாரு. அதுக்கு இன்னா அர்த்தம் சார்?”

டைப்பிஸ்ட் ‘கீறாரு’வை ‘இருக்கிறார்’ ஆக்கப் பார்த்தார். நீதிபதி அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “அவங்க சொன்னபடியே அடிங்க.”

குழாயடிக் குரல்

அடுத்த கேள்வி, ஏன் கத்தவில்லை என்பது. இது இல்லாமல் எந்த வழக்கும் முடிவதில்லை. சீனியர் இதற்காக எர்ணாவூருக்கே ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார். தண்ணீர் லாரி வந்தால் செல்வியின் குரல் தெருக்கோடி வரை கேட்கும் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். அப்படிப்பட்ட குரல் அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று என்றார்.

செல்விக்கு முகம் மாறிவிட்டது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி அம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார், வேண்டுமானால் உட்காரலாம் என்றார். அவள் உட்காரவில்லை. இந்த வேலையில் எனக்கு இன்னும் பழகாத நேரம் இதுதான். பக்கத்தில் போய் நிற்கக்கூட முடியாது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

“கொயாயடி சண்டைக்கு நானா போறேன் சார். இது என்னாண்ட வந்திச்சி. வாய் தொறந்தேன், சத்தம் வரல.”

ஒரே மதியம், இரண்டு இடம்

எங்கள் சாட்சிகள் முடிந்ததும் அவர்கள் சாட்சி. முதலில் வந்தவன் சூப்பர்வைசரின் தோஸ்து. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் மதியம் முழுக்க தானும் சூப்பர்வைசரும் பேசின் பிரிட்ஜில் இருந்ததாகவும், பைக் ரிப்பேர் என்றும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பைக்கில் என்ன ரிப்பேர் என்று கேட்டேன். பிரேக் என்றான். பிரேக் இல்லாத வண்டியிலா திருவொற்றியூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை போனீர்கள் என்றேன். மெதுவாகப் போனோம் என்றான்.

எனக்கு அடுத்த கேள்வி தேவைப்படவில்லை. நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு சீனியரைப் பார்த்தார்.

“சார், உங்க கட்சிக்காரர் பேசின் பிரிட்ஜ்ல இருந்தாரா, இல்ல அந்தப் பொண்ணு சம்மதத்தோட ஸ்டோர் ரூம்ல இருந்தாரா? ரெண்டுல ஒண்ணை வச்சுக்குங்க.”

மாமியார் சாட்சி

செல்வியின் மாமியார் காத்திவாக்கத்தில் மீன் விற்பவர். கேஸ் ஆனதிலிருந்து மருமகளோடு பேச்சில்லை. இது எப்படியோ காதுக்கு எட்ட, சீனியர் அவரையே தன் தரப்பு சாட்சியாக அழைத்துவிட்டார்.  செல்வி வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மருமகளின் நடத்தை எப்படி என்று ஆரம்பித்தார் சீனியர். அதைக் கேட்க சட்டத்தில் இடமில்லை என்று நான் எழுந்தேன். நீதிபதி அம்மாவும் நிறுத்தினார். சரி, வீட்டில் எப்படி என்று சீனியர் கேள்வியை மாற்றினார். கிழவி பொரிந்து தள்ளினார்: காலையில் எழுவதில்லை, மீன் சரியாகக் கழுவுவதில்லை, வாய் வேறு நீளம். சீனியருக்கு வாயெல்லாம் பல். அந்த ருசியில் இன்னொரு கேள்வியும் கேட்டார்: அப்படியானால் உங்கள் மருமகள் பொய் சொல்லக்கூடியவள்தானே?

“பொய் சொல்ல தெரிஞ்சிருந்தா, கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து ஒரு தபா ஆச்சும் என் கொயம்பு நல்லா கீதுன்னு சொல்லியிருப்பா.”

அந்த அறையில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம், சீனியரையும் அவர் கட்சிக்காரரையும் தவிர. கிழவி இறங்கி நேராக வெளியே போய் மருமகள் முன்னால் நின்றார். என்னென்னவோ பேசுவார் என்று பார்த்தேன். அவர் பேசியது இவ்வளவுதான்: “எய்ந்திரு. பஸ்ஸு பூடும்.”

பசி

தீர்ப்பு அன்று அவனைக் குற்றவாளி என்றார்கள், சிறைத்தண்டனை. சீனியர் அப்பீல் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். செல்வி அழவில்லை. இனி யாரும் தன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க மாட்டார்களே என்று மட்டும் விசாரித்தாள். அப்பீலில் வக்கீல்கள்தான் பேசுவார்கள், நீ வர வேண்டியிருக்காது என்றேன். சற்று யோசித்துவிட்டு, பக்கத்தில் பர்மா நூடுல்ஸ் போடும் அத்தோ கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லையே, கடை திறந்திருக்காது என்றேன்.

“தொறக்கற வரிக்கும் நிக்கலாம் மேடம். கேசு குடுத்ததுலேர்ந்து இன்னிக்குதான் பசிக்குது.”

இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான்: ஒரு வக்கீல் அந்தப் பெண்ணைப் பற்றி எவ்வளவு அதிகம் பேசுகிறாரோ, தன் கட்சிக்காரனைப் பற்றிச் சொல்ல அவரிடம் அவ்வளவு குறைவாகத்தான் சரக்கு இருக்கிறது.