ஐந்து கட்டை ராஜாவும் சிக்கந்தர் பாயும்

பாயை அறிந்தவர்களே, அறியாதது போல் நடிப்பவர்களே! நான் எழுதப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். காலமெல்லாம் மேடையில் பபூன் வேஷம் கட்டியவனின் சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

சேதி சொன்னவர் அறந்தாங்கி பஸ் கண்டக்டர். திருக்கோகர்ணம் ஸ்டாப்பில் வண்டி நிற்கும் முன்பே படியில் தொங்கியபடி, "வேலண்ணே, ஒங்க ஆர்மோனிய பாய் மௌத்தாயிட்டாராம். சாயங்காலம் அடக்கம்" என்றார்.

"இது எத்தனாவது தடவை?" என்று கேட்டேன்.

கேட்டதில் தப்பில்லை. பிடிக்காத கம்பெனிக்காரன் வாசிக்கக் கூப்பிட்டால், தாம் மௌத்தாகிவிட்டதாகத் தாமே கார்டு எழுதிப் போடுகிறவர் சிக்கந்தர் பாய். ஆகவே அறந்தாங்கி வரைக்கும் சந்தேகத்தோடுதான் போனேன். வாசலில் கிடந்த நூறு ஜோடிச் செருப்பைப் பார்த்தும் இதுவும் ஒரு ஏற்பாடோ என்று நினைத்தேன். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். கனத்தது. அப்புறம்தான் நம்பினேன்.

சொல்ல வந்தது பழைய கதை. புதுக்கோட்டை சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்திருந்த புதிது. எங்கள் கம்பெனி 'மாயக்குதிரை மன்னன்' என்று ஒரு புது சங்கீத நாடகம் தயார் செய்தது. புதுக்கோட்டை டவுனில் அரங்கேற்றம். அதற்கு முன்னால் ஓட்டை உடைசல் தெரிவதற்காகச் சுற்றுப்பட்டு ஊர்களில் வெள்ளோட்டம். ராஜபார்ட் சிங்காரம். நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'ஐந்து கட்டை' என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கும். கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதி பிடிக்கும் இடம். அது ஏற ஏற, பாடுகிறவனுக்கு மவுசும் ஏறும். சிங்காரம் ஐந்து கட்டையில் எடுத்தால் குன்றாண்டார்கோவில் பாறை அரை அங்குலம் நகரும். நான் நூல் பிடித்து அளந்திருக்கிறேன்.

அந்தக் குன்றாண்டார்கோவிலில்தான் முதல் வெள்ளோட்டம். மூன்றாவது பாட்டில், உச்சியில் நிற்க வேண்டிய இடத்தில், ராஜாவின் குரல் கிழிந்தது.

வெற்றிலையில் செந்தூரம் மடித்துக் கொடுத்தால் பாடகன் குரல் போய்விடும் என்பது நாடகக்காரர் அத்தனை பேரும் நம்புகிற சங்கதி. மறுநாளிலிருந்து கம்பெனியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தோம். வெற்றிலைப் பெட்டிகளுக்குப் பூட்டு வந்தது. நான் தண்ணீர்க் கூஜாவை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு நடமாடினேன். சிங்காரம் என்னைச் சந்தேகிப்பது போலத் தெரிந்தது. நான் சிக்கந்தர் பாயைச் சந்தேகித்தேன். ஏன் என்றால், அந்த மனிதர் ஒருவர்தான் யாரையும் சந்தேகிக்காமல் இருந்தார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்த இரண்டு ஊரிலும் ராஜாவின் குரல் கிழியவில்லை. ஆனால் ஸ்திரீபார்ட் நாகரத்தினம் புலம்ப ஆரம்பித்தாள். "என்னண்ணே இது, அடி ஸ்வரம் எனக்கு எட்டவே மாட்டேங்குது. கெணத்துக்குள்ள எறங்கி நின்னு பாடுற மாதிரி இருக்கு."

எனக்குப் பொறி தட்டியது. பாயின் விரல்களைக் கவனித்தேன். ஐந்தில் இருக்க வேண்டிய சுருதி நாலில் இருந்தது. அடுத்த ஊரில் மூன்றுக்கு வந்தது. மிருதங்கக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் பாயிடம் வெற்றிலை வாங்கிப் போடுகிறவர், வாயைத் திறப்பாரா?

பாய் தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்து அவருடைய துணி மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் சிவப்புத் தூள்! கம்பெனியின் நலனுக்காக என் உயிரைப் பணயம் வைத்து ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டேன். பல்பொடி. குற்றவாளி எவ்வளவு கைதேர்ந்தவன் பாருங்கள், செந்தூரத்தை ஒளித்துவிட்டுப் பல்பொடியை வைத்திருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அறந்தாங்கியில், ஒரு அரிசி குடோனில் காலை ஒத்திகை. அதுதான் டவுனுக்கு முந்தின கடைசி ஊர். நான் எழுந்து நின்றேன். பபூன் எழுந்தால் சிரிப்பது வழக்கம்; சிரித்தார்கள்.

"மொதலாளி, அஞ்சு கட்டை நாடகத்த மூணு கட்டைக்கு எறக்குனது யாருன்னு பாயையே கேளுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. முதலாளி திரும்பினார். "என்ன பாய், நெசமா?"

"நெசந்தேன்."

"எதுக்கு எறக்குனீங்க?"

பாய் துண்டை எடுத்து ஆர்மோனியக் கட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ராஜாவுக்குச் செந்தூரம் வச்சதும் நீங்கதானா?"

பாய் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப பொட்டியத் தூக்கிக்கிட்டு இப்பவே கெளம்புங்க. இனிமே இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனியும் ஒங்களக் கூப்புடாது. அத நான் பாத்துக்கிறேன்."

பாய் துருத்தியை அமுக்கிக் கொக்கியை மாட்டினார். பெட்டியை மூடினார். அவருக்கு ஆர்மோனியம் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், துப்பறிந்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அவர விடுங்க" என்றது ஒரு குரல். தகரத்தில் ரம்பம் ஓடியது போல இருந்தது. சிங்காரம்.

"எவனும் எனக்குச் செந்தூரம் வைக்கல. ரெண்டு மாசமா தொண்டையில புண்ணு. பாடுனா பேச்சே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. டவுன் நாடகம் வரைக்கும் ஒப்பேத்திரலாம்னு நாந்தேன் பாய எறக்கச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்குனேன்."

முதலாளி பாயைப் பார்த்தார். "ஏன்யா, பொட்டியக் கட்டிக்கிட்டுப் போற அளவுக்கு வாய மூடிக்கிட்டிருந்தீங்களே?"

"அது அவரு வாயால வரவேண்டிய சேதிங்க" என்றார் பாய். "நான் ஆர்மோனியம் வாசிக்க வந்தவன்."

நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ராஜா இல்லை. முதலாளி தலையில் கை வைத்தார். நான் தொண்டையைக் கனைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்புள, பபூன் ராஜாவானா நாட்டுக்கு நல்லது. நாடகத்துக்கு ஆகாது."

பிறகு கொக்கியைக் கழற்றி ஐந்து கட்டையில் சுருதி வைத்து, "நாகரத்தினம், ராஜா பாட்ட எடும்மா" என்றார். அவள் எடுத்தாள். குடோன் சுவரில் இருந்த பல்லிகள் கீழே விழுந்து கும்பிட்டன. முதலாளி அன்றைக்கே ராஜ கிரீடத்தை அவள் தலைக்குத் தகுந்த மாதிரி சுருக்கச் சொன்னார்.

சிங்காரத்துக்குப் பாய் ஒரு வேஷம் கண்டுபிடித்தார்: பேசாவிரதம் பூண்ட சேனாதிபதி. பாட்டும் கிடையாது, வசனமும் கிடையாது. கத்தியோடு ராஜாவுக்குப் பின்னால் நின்றால் போதும், தொண்டைக்கு ஓய்வு. அப்படியானால் இளவரசி? ஆளில்லை. பத்து முழம் புடவையை என்னிடம் நீட்டினார்கள். டவுனில் என் அழகைப் பார்த்து மூன்று மிராசுதார்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கேள்வி.

ஒரு நாள் கேட்டேன், "பாய், என்மேல கோவமே வரலையா?" அவர் சொன்னார்: "சந்தேகப்படுறவனுக்குக் காது நல்ல காது மாப்புள. ராகத்தத்தேன் தப்பாப் புடிக்கிறான்." அதற்குப் பின் பதினைந்து வருஷம் எனக்கு வாசித்தார், அந்தக் குடோன் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேலே எழுதியதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்கிறேன்.

குடோன் சம்பவத்துக்கு மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். நான் டீயைப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்தேன். மறுபடி டீயைப் பார்த்தேன். அத்தனையும் வெட்டவெளிச்சமான பிறகும், என் புத்தி அப்படித்தான் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கிளாஸில் ஒரு மிடறு தாம் குடித்துவிட்டு, மறுபடி என்னிடம் நீட்டினார். பெற்ற தாயின் எச்சில்கூடப் படக்கூடாது என்று வளர்த்த வீடு என் வீடு. வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மிடறுதான்.

அது நடந்தது.