காற்று திரும்பக் காத்திருந்த ஷமீமா அக்கா

வேதியியல் விடைத்தாளை நூலால் கட்டிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் கலங்கிவிடக் கூடாது என்று தலைமை ஆசிரியை காலையிலேயே முடிவு செய்திருந்தாராம். எனக்கு முன் பெஞ்சில் ஷமீமா அக்காவின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி நான் எழுதிக்கொண்டிருந்தேன். கூடுதல் தாள்கூட வாங்கினேன்.

உயிரியல் மிஸ் எங்களை வராந்தாவில் நிறுத்தி, "ஷமீமா நேத்து தவறிட்டாம்மா. சென்னை ஆஸ்பத்திரியில. மஞ்சள் காமாலை முத்திடுச்சாம்" என்றார். நான் "சரி மிஸ்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாங்கள் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கும்மிடிப்பூண்டிப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கச் செருப்புகள். அக்காவின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்ச நல்லா எழுதினியாம்மா?" என்று கேட்டார். "எழுதினேன்" என்றேன். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. யாரோ எனக்கு டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அழுகை வந்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். வராததால், ஆய்வு அறிக்கையில் எழுதுவதைப்போல நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஷமீமா அக்கா பழவேற்காட்டில் பிறந்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு எங்களோடு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "உக்காருங்க, உக்காருங்க. நானும் உங்ககூட உக்காரத்தான் வந்துக்கிறேன்" என்று கடைசி பெஞ்சுக்குப் போனார். அன்றிலிருந்து வகுப்பு முழுவதற்கும் அவர் அக்காதான். சில ஆசிரியைகளே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கம்பெனியில எது வந்தாலும் பாதி செஞ்சதாத்தான் என் கைக்கு வரும். நான் கொஞ்சம் செஞ்சா வேற கை வாங்கிக்கும். ஒண்ணையாவது மொதல்லருந்து கடைசி வரைக்கும் செஞ்சி பார்க்கணும்னு ஆசை. அவ்ளோதான்" என்றார்.

அந்த ஒன்று எங்கள் ஆய்வாக அமைந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தலைப்பையும் நாங்களே தேடிக்கொண்டு செய்ய வேண்டும் என்று உயிரியல் மிஸ் அறிவித்தார். நான் நூலகத்தில் உட்கார்ந்து ஓசோன் படலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ப்ரொபசரம்மா, ஓசோன எந்த ஏணி வெச்சி ஏறிப் பார்க்கப் போற?" என்றார். அதற்குப் பிறகு என் பெயரே ப்ரொபசரம்மா ஆகிவிட்டது. "எங்க ஊட்டுல துணி காயப்போட்டா கரி புள்ளி புள்ளியா உக்காருது. எந்தத் தெருவுல எவ்ளோ உக்காருதுன்னு பார்க்கலாமா? அதுக்கு ஏணி வேணாம்."

எங்கள் ஊரில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் வடக்குச் சுவரை ஒட்டி இருப்பது மதில் தெரு. ஆலைக்குத் தெற்கே, ஏரியைத் தாண்டி ஒரு காலனி. இரண்டு இடங்களிலும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே அளவு வெள்ளைத் துணித் துண்டுகளைக் காலையில் கொடியில் மாட்டி மாலையில் எடுப்பது, லென்ஸ் வைத்துப் புள்ளிகளை எண்ணுவது, இதுதான் திட்டம். பொன்னேரியில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவிடமிருந்து அக்கா வெள்ளைக் காடாத் துணி வாங்கி வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டை மட்டும் வெளியே மாட்டாமல் கவரில் போட்டுப் பூட்டி வைக்கலாம் என்றேன் நான். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "சும்மா இருக்கறதுக்கும் ஒரு வேலை குடுத்துட்ட பார்" என்றார்.

மதில் தெருவில்தான் கரி அதிகம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் முனியம்மா அக்கா எங்களை வரவேற்றார். "எழுதுங்கம்மா, நல்லா எழுதுங்க. நாங்க மனு குடுத்தா குப்பையில போடறாங்க. படிக்கிற புள்ளைங்க எழுதனாவாவது கேப்பாங்களா, பார்ப்போம்."

முதல் நாள் மாலை துணிகளை எடுக்கப் போனோம். முனியம்மா அக்கா எங்கள் துண்டை நான்காக மடித்துக் கையில் கொடுத்தார். சோப்பு வாசனை வந்தது.

"ஸ்கூல் புள்ளைங்க துணி, கரி புடிச்சிப் போச்சேன்னு தொவச்சி வெச்சிக்கிறேன். நீலங்கூட போட்டுக்கிறேன், பாரு."

அடுத்த வீட்டிலும் துவைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் இஸ்திரியே போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் துணியை அழுக்காகத் திருப்பிக் கொடுக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். ஷமீமா அக்கா தெருக் குழாயடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எழுதிக்கோ ப்ரொபசரம்மா. இந்தத் தெருவுல கரியே இல்ல. காத்துல பூரா நீலம்தான் கீது."

பிறகு எழுந்து ஒவ்வொரு வாசலாகப் போய், "அக்கா, எங்களுக்கு அந்த அழுக்குதான் வேணும்" என்று விளக்கினார்.

"அழுக்க வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ?" என்றார் முனியம்மா அக்கா.

"எண்ணுவேன்."

"நல்லா கீது உங்க படிப்பு."

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு நாங்கள் மறுபடி தொடங்கியபோது மார்கழி வந்துவிட்டது. அதிகாலையில் பனி, நாள் முழுக்க வாடைக்காற்று. இந்த முறை யாரும் துவைக்கவில்லை. ஆனால் மதில் தெருத் துணிகள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தன. ஏரி தாண்டிய காலனித் துணிகளில்தான் புள்ளி அப்பிக்கிடந்தது. கவர்களின் மேல் தெருப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டீர்களா என்று மிஸ் கேட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் செய்து பார்த்தோம். அப்படியேதான் வந்தது.

முனியம்மா அக்காவிடம் இதை ஷமீமா அக்காதான் சொன்னார். நானாக இருந்தால் சொல்லாமல் நழுவியிருப்பேன்.

"அப்போ எங்க தெரு சுத்தம்னு எழுதப் போறியா?" முனியம்மா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "மில்லுக்காரன் இத்த எடுத்துக்கினு போய் ஆபீசர் கையில காட்டுவான். பாரு, ஸ்கூல் புள்ளைங்களே எழுதிக்கீதுன்னு. நாங்க இத்தினி வருசம் சொன்னதெல்லாம் பொய்யா பூடும். உங்களுக்கு நாஷ்டா போட்டு உக்கார வெச்சதுக்கு நல்லா பேஜார் பண்ணிட்டீங்க."

"பார்த்தத மறைக்க மாட்டேன்க்கா" என்றார் ஷமீமா அக்கா. "ஆனா இது பாதிதான். இப்போ வாடக் காத்து. கரியெல்லாம் தெக்கால போவுது. சித்திரையில தெக்கத்திக் காத்து திரும்பும் இல்ல? அப்போ வந்து மறுபடி துணி கட்றேன். ரெண்டையும் சேர்த்து வெச்சித்தான் முடிவு எழுதுவேன்."

"வருவியா?"

"வருவேன்."

"இப்பிடி எழுதிக்கினு போனவங்க எத்தினி பேரு. ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

திருவள்ளூரில் நடந்த கண்காட்சியில், எங்கள் அட்டையில் முடிவு என்ற தலைப்புக்குக் கீழே பாதி இடத்தை அக்கா காலியாக விட்டிருந்தார். எதையாவது எழுதி நிரப்பலாமே என்று மிஸ் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. நடுவராக வந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"பாதி விடையோட ஏம்மா வந்தீங்க?"

"மீதிக் காத்து இன்னும் வரல சார்" என்றார் அக்கா.

பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பரிசும் கொடுக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அக்கா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "குடுத்திருந்தா, முடிஞ்சிப் போச்சுன்னு நானே நம்பியிருப்பேன். தின்னு" என்றார்.

பங்குனியிலேயே அடுத்த சுற்றுக்கான துண்டுகளை வெட்டி, ஓரம் பிரியாமல் தைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். பரீட்சைக்கு முந்தைய வாரம் கண் மஞ்சளித்துப் பள்ளிக்கு வந்தார். தூக்கமில்லை, அதுதான் என்றார். மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு அருகில் நின்று, "பரீட்ச முடிஞ்சி போலாம். காத்து திரும்புதான்னு பார்த்துக்கினே இரு" என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிப் பேச்சு இதுதான். அப்போது அது எனக்கு ஒரு சாதாரண வேலையாகத்தான் பட்டது.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் தெற்கிலிருந்து காற்று அடித்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் துணிகளை எடுத்துக்கொண்டு மதில் தெருவுக்குப் போனேன். போக வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்ல முடியாது. கால் தானாகப் போயிற்று.

முனியம்மா அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, வந்துட்டீங்களே! இன்னா, நீ மட்டும் வர்ற? எங்க அந்த உயரமான பொண்ணு? பின்னால வருதா?"

சொன்னேன். ஒரே வரியில் சொன்னேன். வராந்தாவில் மிஸ் எங்களிடம் சொன்ன அதே சொற்கள்தான் என் வாயில் வந்தன.

முனியம்மா அக்கா கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். மறுபடியும் கழுவினார். அவர் வீட்டுக் கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தது. அதைத் தனியாக இழுத்துக் கட்ட முடியாது. அவர் வந்து ஒரு முனையைப் பிடித்து, கம்பத்தில் காலை ஊன்றி இழுத்தார்.

"கட்டு" என்றார்.

கட்டினேன். மற்ற வீடுகளிலும் அதே ஒரு வரியைச் சொன்னேன், கட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தது.

மாலையில் எடுத்த துணியை வீட்டு மேசையில் விரித்தேன். மதில் தெருத் துணி கண்ணுக்கே தெரியும்படி கறுத்திருந்தது. லென்ஸை வைத்து எண்ணத் தொடங்கினேன். பாதியில் எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் தவறியது. புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, துணி நனைந்த பிறகுதான் ஏனென்று எனக்குத் தெரிந்தது. அந்தத் துணியைக் கணக்கில் சேர்க்க முடியாது. தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

போய் வாருங்கள் அக்கா. தெற்குக் காற்று இன்னும் சில வாரம் வீசும். நாளைக்கு வேறு துணி கட்டுகிறேன்.