மூன்று நாளில் பூட்டிக்கொள்ளும் வரி

நம் கதாநாயகருக்கு வீட்டில் 'எட்டு மாசம்' என்று பெயர். குறைப்பிரசவம் என்று நினைத்துவிட வேண்டாம். புரோகிராம் எழுதுவதில் அவருடைய மொத்த அனுபவம் அவ்வளவுதான். ஒன்பதாவது மாதம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதற்குத் தாம் காரணமல்ல என்று யாரும் கேட்காமலே பலமுறை விளக்கியிருக்கிறார்.

அக்கா வீட்டில், துணி காயும் அறையில், இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை வைத்து, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தேடினார். அத்தானுக்குக் குழாய்க் கடை.

"மாசக் கடைசி வரைக்கும் பாரு மச்சான். இல்லன்னா ஒண்ணாந்தேதி கடைக்கு வந்துடு. அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா போதும்."

அந்த வித்தியாசம் தெரியாமலே வாழ்ந்துவிட எட்டு மாசம் உறுதி பூண்டிருந்தார்.

உலகத்தின்மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில் நியாயம் உண்டு. ஒரு கம்பெனி, தேர்வு என்று சொல்லி, நாற்காலி விற்கும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னது. செய்து அனுப்பினார். பதிலே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அதே பக்கத்தில் ஜோராக வியாபாரம் நடக்கிறது. சோதனைக்காக அவர் போட்டு அழிக்க மறந்த 'அக்கா நாற்காலி'கூட விற்பனையில் இருந்தது.

அன்றிலிருந்து, அனுப்பும் ஒவ்வொரு தேர்வுக்குள்ளும் ஒரு வரியை ஒளித்துவைத்தார். மூன்று நாள் கழிந்தால் பக்கம் தானாகப் பூட்டிக்கொண்டு, 'செய்தவனுக்கு வேலை கொடுத்தாயிற்றா?' என்று கேட்கும்.

இருபத்தேழாம் தேதி ஒரு கம்பெனி வீடியோவில் பேச அழைத்தது. தேர்வை அனுப்பி அன்று நான்காவது நாள் என்பது அவருக்கு உறைத்தபோது, குழுத் தலைவி திரையில் வந்துவிட்டார்.

"கேமராவ ரூம் முழுக்கச் சுத்திக் காட்டுங்க. பக்கத்துல யாராவது சொல்லிக் குடுக்கிறாங்களான்னு பாக்கணும்."

ஈரத் துண்டுகளும் அத்தானின் பனியன்களும் காட்டப்பட்டன.

"நீங்களும் காட்டுங்க மேடம். நெஜ ஆபீஸ்தானான்னு எனக்கும் தெரியணும்ல?"

தலைவி முறைத்தார், ஆனாலும் காட்டினார். மூலையில் ஒரு செடி வாடிக் கிடந்தது. போலியாக இருந்தால் பச்சைப்பசேலென்று வைத்திருப்பார்கள் என்று எட்டு மாசத்துக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

"உங்க பக்கம் இன்னிக்குக் காலைல பூட்டிக்கிச்சு. எல்லார் முன்னாடியும் எங்களையே கேள்வி கேக்குது."

கதவுக்கு வெளியே அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டது நன்றாகக் கேட்டது. ஒண்ணாந்தேதியும் முக்கால் இஞ்சும் அவர் கண்முன் வந்து நின்றன. வேறு வழியின்றி நாற்காலிக் கதையை ஒப்பித்தார்.

"எந்த வரி?"

"நூத்திப் பதிமூணு மேடம்." பார்க்காமலே சொன்னார்.

"அத எடுத்துட்டா?"

"இருநூத்தி நாப்பதுல இன்னொண்ணு இருக்கு. மொத வரியக் கண்டுபுடிக்கிறவங்களுக்கு."

தலைவி சிரிக்கவில்லை. "இந்த வாரம் பதினோரு பேரப் பாத்துட்டேன். தான் அனுப்பினதுல எது எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. யாரோ எழுதிக் குடுத்தது. நீங்கதான் கள்ளத்தனத்தக்கூடச் சொந்தமா பண்ணியிருக்கீங்க."

மாலையில் ஒப்பந்தம் வந்தது. அக்காவும் அத்தானும் இருபுறமும் நிற்க, எட்டு மாசம் படித்தார். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மூன்று மாதத்துக்குள் நிறுவனம் உறுதி செய்யாவிட்டால் இந்த வேலை தானாகவே முடிந்துவிடும்.

"பாத்தியா? ஏமாத்துறாங்கடா," என்றாள் அக்கா.

"இரு அக்கா. இன்னொண்ணும் இருக்கும்."

ஏழாம் பக்கத்தில் இருந்தது. அதையும் கண்டுபிடித்த பிறகுதான் மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்.